இன்றியமையாதவர் மட்டும் தொடர்வார்

வெளியுறவுப் பணியின் விதிப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு: 'உடன்வரும் துணை'. தூதரகத்தில் வேலை பார்ப்பவர்கள் அதை வாய்க்கு வசதியாகச் சுருக்கி 'கூடவந்தவர்' என்று ஆக்கிவிட்டார்கள். முதல்முறை காதில் விழுந்தபோது நம்மவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தார். பொய்யாக எதுவும் சொல்லிவிடவில்லையே! மனைவிக்கு அயல்நாட்டில் வேலை, அவர் கூட வந்தவர். பெட்டியும் அப்படித்தான் வந்தது, துணி காயப்போடுகிற ஸ்டாண்டும் அப்படித்தான் வந்தது. அதற்கெல்லாம் பெயர் வைக்காதவர்கள் எனக்கு மட்டும் வைத்திருக்கிறார்களே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஒரு காலத்தில் அவர் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். நிரந்தர வேலை. மனைவிக்கு முதல் வெளிநாட்டு நியமனம் வந்ததும் தலைமையாசிரியரிடம் போய், "இத்தனை வருஷமா படத்துல காட்டிட்டேன் சார், இனிமே நேர்ல பாக்கறேன்" என்று ராஜினாமாவை நீட்டிவிட்டு வந்தார். பேச்சு என்னவோ எடுப்பாகத்தான் இருந்தது. போன இடத்தில் காலையில் மனைவி அலுவலகத்துக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பிப் போன பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. சன்னல் திரையைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். நேரில் பார்ப்பது என்றால் இவ்வளவுதானா என்று தோன்றிவிட்டது.

இப்படிப்பட்டவர்களை விதிப்புத்தகம் நட்டாற்றில் விட்டுவிடவில்லை. அவர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருந்தது: குறித்தகால நியமனங்கள். தூதரகத்தில் சில்லறை வேலை காலியாக இருந்தால் கூடவந்தவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் காலம் குறித்துத்தான் கொடுக்க வேண்டும். அலுவலருக்கு இடமாற்றம் வருகிற அன்றைக்குத் துணையின் வேலை 'தானாக முடிவுறும்'. இந்தத் 'தானாக'தான் நம்மவருக்கு ஆகவே ஆகாது. நீக்கினார்கள் என்றால்கூட அதில் ஒரு மரியாதை இருக்கிறது, நம்மை நீக்குவதற்கு ஓர் ஆள் மெனக்கெட்டிருக்கிறார் என்று அர்த்தம். தானாக முடிவது என்றால் டார்ச் பேட்டரி மாதிரி அல்லவா ஆகிவிட்டது!

முதல் ஊரில் தூதரக நூலகத்தில் புத்தகம் அடுக்கினார். தானாக முடிந்தது. இரண்டாவது ஊரில் தொலைபேசி எடுத்தார். குரலைக் குழைத்து, "வணக்கம், தூதரகம்" என்று அவர் சொல்வதைக் கேட்டு மனைவியே ஒரு தடவை அடையாளம் தெரியாமல், "கொஞ்சம் என் வீட்டுக்காரரைக் கூப்பிட முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வேலையும் தானாக முடிந்தது. ஊருக்கு ஊர் புது விண்ணப்பம், புதுத் தகுதிகாண் காலம், புதிதாக ஒருவர் வந்து கழிப்பறை எங்கே இருக்கிறது என்று காட்டுவார். தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் எல்லா இடத்திலும் அவர்தான் புதுப்பையன்.

மூன்றாவது ஊரில்தான் அவருக்குச் சன்னல் கிடைத்தது.

தரைத்தளத்தில் பொதுமக்கள் வருகிற அறை. கண்ணாடித் தடுப்பு, அதில் பேசுவதற்கு ஒரு வட்டத் துளை. அந்தத் துளையை யாரோ குள்ளமான மனிதரை நிறுத்திவைத்து அளவெடுத்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று யாரும் பேச முடியாது. அந்தப் பக்கம் வரிசையாக நாற்காலிகள். கல்யாணச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ், தொலைந்துபோன பாஸ்போர்ட் என்று ஆளாளுக்கு ஒரு கவலையோடு வருவார்கள். நம்மவர் அவர்களைக் குனிந்து விசாரிப்பார். எந்த ஊர், என்ன வேலை, பாஸ்போர்ட்டைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள், அப்போது என்ன சட்டை போட்டிருந்தீர்கள். நாட்டுப் படத்தில் அவர்கள் ஊரை ஆற்றோடு சேர்த்துச் சொல்லி அசத்துவார். வாத்தியாருக்கு மறுபடி வகுப்பு கிடைத்துவிட்டது.

அதோடு அந்த முத்திரை இயந்திரம். காகிதத்தில் புடைப்பு முத்திரை பதிக்கிற பழைய இரும்புச் சாமான். கைப்பிடியை அழுத்தினால் பதியும், அழுத்திய வேகத்தில் பாதி நேரம் சிக்கிக்கொள்ளும். அதை விடுவிக்கிற சூட்சுமத்தை நம்மவர் எப்படியோ கண்டுபிடித்திருந்தார். கைப்பிடியைப் பாதி தூக்கிப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தின் இடதுபக்கத் தோளில் உள்ளங்கையால் ஒரு தட்டு. அவ்வளவுதான். ஆனால் அவ்வளவுதான் என்று அவர் யாருக்கும் சொல்லிவிடவில்லை. பக்கத்துச் சன்னலில் உட்காரும் வரவேற்பாளர் பெண், "சார், சிக்கிடுச்சு!" என்று குரல் கொடுத்தால் போதும், குடிக்கிற டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவார். சட்டைக் கையை மடித்துவிடுவார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார். முதுகால் மறைத்துக்கொண்டு ஒரு தட்டு. டக்கென்று விட்டுக்கொள்ளும். அறுவைச் சிகிச்சை முடித்த டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்.

இப்படி அவர் ராஜாவாக இருந்த நேரத்தில் மனைவிக்குப் பதவி உயர்வோடு இடமாற்றம் வந்தது. இன்னொரு நாடு, பெரிய தூதரகம், மனைவி இத்தனை வருடம் உழைத்தது இதற்குத்தான். வீட்டில் கேக் வெட்டினார்கள். நம்மவரும் கை தட்டினார். கைதட்டும்போதே அந்தத் 'தானாக' ஞாபகம் வந்து, வாயில் போட்ட கேக் தொண்டையில் நின்றுவிட்டது.

மறுநாள் விதிப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்காவது ஒரு சந்து இருக்காதா? இருந்தது! 'தானாக முடிவுறும்' என்ற வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம்: 'இன்றியமையாதவர் எனத் தூதர் சான்றளிக்கும் துணை மட்டும் தொடர்வார்.' நம்மவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மற்ற துணைகள் போகிற ஊரில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்றியமையாத துணை, நியமனம் அறுபடாமல், அலுவலரைத் தொடர்ந்து போவார். தகுதிகாண் காலம் கிடையாது, கழிப்பறையை யாரும் காட்ட வேண்டியதில்லை. அதைவிட அந்தச் சொல்! இன்றியமையாதவர். வாழ்க்கையில் அவரை அப்படி யாரும் சொன்னதில்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போதே மனைவியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"இந்தத் தடவை என் வேலை முடியாது. இன்றியமையாதவர்னு தூதர்கிட்ட சான்றிதழ் வாங்கப் போறேன்."

மனைவியின் கை தட்டில் நின்றது. "நிஜமாவா? நல்லா யோசிச்சீங்களா?"

"ரெண்டு ஊரா யோசிச்சிட்டேன்."

"வாங்கினா 'தொடர்வார்'னு இருக்கே, பாத்தீங்கல்ல?"

"அட, அதுக்குத்தானே வாங்கறதே!"

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. பதவி உயர்வு வந்தவளுக்குப் புருஷனும் உயர்வதில் கொஞ்சம் பொறாமை இருக்கத்தான் செய்யும் என்று நம்மவர் பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டார். பெருந்தன்மை! கேட்டால் சிரிப்பீர்கள்.

அப்புறம் அவர் இன்றியமையாதவராக ஆவதற்குப் பட்ட பாடு இருக்கிறதே. தூதர் கீழே வருகிற நேரம் பார்த்து முத்திரை இயந்திரம் சிக்கும்படி பார்த்துக்கொண்டார். சன்னலுக்கு வந்தவர்களிடம், "எதாவது சொல்லணும்னா அந்தப் பாராட்டுப் பெட்டியில எழுதிப் போடலாம், கட்டாயம் இல்ல" என்று பேனாவையும் கூடவே நீட்டினார். கோப்புகளைத் தனக்கு மட்டும் புரிகிற வரிசையில் அடுக்கிவைத்தார். என்ன வரிசை தெரியுமா? ஆற்றுப்படுகை வரிசை. வந்தவர் எந்த நதி ஓடுகிற ஊரோ அந்த நதிக்குக் கீழே அவர் கோப்பு. தூதர் சண்டை சச்சரவு பிடிக்காத மனிதர். ஒரு கோப்பு கேட்டு, அது கிடைக்காமல், நம்மவர் வந்து எடுத்துக் கொடுத்த அன்றைக்கே சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

'அன்னார் இவ்வலுவலகத்துக்கு இன்றியமையாதவர்.' நம்மவர் அதை ஜெராக்ஸ் எடுத்தார். பழைய தலைமையாசிரியருக்கு ஒன்று அனுப்பினார். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை சத்தமாகப் படித்தும் பார்த்தார்.

வீட்டில் மூட்டை கட்டுகிற வேலை ஆரம்பமாகியிருந்தது. மனைவி துணிகளை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தார். தன்னுடையதும் மகளுடையதும் பெட்டிக்குள். நம்மவருடைய சட்டைகள் மட்டும் கட்டிலின் மறுகோடியில். பதின்ம வயது மகள் கொஞ்ச நாளாக அவரோடு சரியாகப் பேசுவதில்லை. அன்று இஸ்திரிப்பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, இது உங்களுக்கா, எங்களுக்கா?"

"நமக்குத்தான்!" என்று சொல்லி நம்மவர் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இஸ்திரிப்பெட்டியை அவர் சட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். இந்த வயசுப் பிள்ளைகளே இப்படித்தான் என்று நம்மவர் விட்டுவிட்டார்.

உண்மையை உடைத்தவர் நிர்வாக அலுவலர். எதைக் கேட்டாலும் விதி எண்ணைச் சொல்வார் என்பதால் அவருக்கே 'விதி' என்று பெயர். அவர் மாடிப்படி இறங்கினால், "விதி வருது, விதி வருது" என்று எல்லோரும் நாற்காலியில் நேராக உட்காருவார்கள். அன்றைக்கு விதி நேராக நம்மவர் சன்னலுக்கு வந்தது.

"சார், உங்க ரூம் விஷயமா பேசணும். மேடம் கிளம்பினதும் குடும்ப வீட்டைக் காலி பண்ணணும். தனி ஆளுக்கு டிரைவர் குவார்ட்டர்ஸ் பக்கத்துல ஒரு ரூம் இருக்கு. அடுப்பு ஒண்ணுதான். சமாளிச்சிப்பீங்களா?"

"யாருங்க தனி ஆள்?"

"நீங்கதான் சார்."

"நான் எதுக்கு இங்க இருக்கேன்? நான் அவங்க பின்னால போறேன்."

"எப்படிப் போவீங்க? இன்றியமையாதவர்னு வாங்கிட்டீங்களே. தொடர்வார்னுதானே விதி."

"அதான், தொடர்வேன். பின்னால போவேன்."

விதி வட்டத் துளைக்கு நேராகக் குனிந்தார். "சார், தொடர்வார்னா பின்னால போவார்னு இல்ல. இங்கயே, இதே வேலையில தொடர்வார். நீங்க இல்லாம இந்த ஆபீஸ் நடக்காதுன்னு தூதரே எழுதிக் கொடுத்திருக்காரு. அப்புறம் உங்களை எப்படி அனுப்புவாங்க? உங்க இடத்துக்கு இன்னொருத்தர் நியமனம் ஆகற வரைக்கும் நீங்க நகர முடியாது. இப்போதைக்குப் புது நியமனமே கிடையாதுன்னு தலைமையகம் நிறுத்தி வச்சிருக்கு."

ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம். வாழ்நாள் முழுக்கப் பின்னால் போய்ப் பழகிய மனிதனுக்கு 'தொடர்வார்' என்றால் பின்னால் போவார் என்றுதானே படும்! இன்னோர் அர்த்தம் இருக்கிறது என்பதே தோன்றவில்லை, அதுவும் ஒரு வாத்தியாருக்கு. தமிழ் வாத்தியார் இல்லை, புவியியல் வாத்தியார் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்தப் பார்த்தார். எடுபடவில்லை.

அப்போதுதான் பொறி தட்டியது. மனைவிக்கு அந்த விதிப்புத்தகம் தலைகீழ்ப் பாடம். 'வாங்கினா தொடர்வார்னு இருக்கே, பாத்தீங்கல்ல?' 'அதுக்குத்தானே வாங்கறதே!' இரண்டு குவியல். இஸ்திரிப்பெட்டி. அடக் கடவுளே, இவ்வளவு நாளும் அவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

பாதி வரிசையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். மனைவி மூட்டை கட்டுவதற்காக விடுப்பில் இருந்தார். கண்ணாடி டம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் உன்னை விட்டுட்டு இங்க இருக்கப் போறேன்னா நினைச்ச?" மூச்சு வாங்கியது.

"வேற என்ன நினைக்கறது? நீங்கதானே போய் வாங்கினீங்க."

"எனக்கு அர்த்தம் தெரியல! தொடர்வார்னா உன் பின்னால வர்றதுன்னு நினைச்சேன்."

மனைவி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிற முகமா, முட்டாள் முகமா என்று பார்த்தார் போலிருக்கிறது. இரண்டாவதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் நம்மவர்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கச் சொல்றீங்க? எனக்காக நிரந்தர வேலைய விட்டீங்க. ஊர் ஊரா வந்தீங்க. எங்க போனாலும் என் வீட்டுக்காரர்னுதான் அறிமுகம். இப்பத்தான் முதல்முறையா ஒரு வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்கு. நான் இங்கயே இருக்கேன்னு நீங்க சொன்னா, வேணாம், என் பின்னால வாங்கன்னு நான் எப்படிச் சொல்றது? அழுதேன். குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

நம்மவர் தலையில் அடித்துக்கொண்டார். பொறாமை என்று நினைத்தோமே, பாவி மனுஷா, என்று தன்னையே திட்டிக்கொண்டார். "எனக்குச் சன்னல் வேணும்தான்," என்றார். "ஆனா நீங்க ரெண்டு பேரும் இல்லாத ஊர்ல எனக்கு அந்தச் சன்னல் எதுக்கு?" சொல்லிவிட்டு அவரும் அழுதார். மகள் கதவருகே வந்து நின்று பார்த்தாள். இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அழுதது சரி, சான்றிதழை என்ன செய்வது? மறுநாள் தூதர் அறையில் போய் நின்றார்.

"போன வாரம்தானே நீங்க இல்லாம ஆபீஸ் நடக்காதுன்னு எழுதிக் கொடுத்தேன்?" என்றார் தூதர்.

"நடக்கும் சார். நல்லாவே நடக்கும்."

"அப்ப நான் எழுதினது பொய்யா?"

"நான் எழுத வச்சது சார்."

பக்கத்தில் நின்ற விதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு விதியைச் சொன்னார். நம்மவர் இல்லாமல் ஒரு முற்பகல் சன்னல் ஓடிக் காட்ட வேண்டும். ஓடினால் தூதர் சான்றிதழைத் திரும்பப் பெறலாம். ஓடாவிட்டால் டிரைவர் குவார்ட்டர்ஸ் பக்கத்து அறைதான், ஒற்றை அடுப்புதான். தான் இல்லாமல் எதுவும் ஓடக்கூடாது என்று நம்மவரே அல்லவா பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்! அன்றைக்கு முழுவதும் உட்கார்ந்து கோப்புகளை நதிகளிலிருந்து மீட்டு அகர வரிசைக்குக் கொண்டுவந்தார். சாயங்காலம் பக்கத்துச் சன்னல் பெண்ணை இயந்திரத்துக்கு அருகில் அழைத்தார்.

"இது ஒரு ரகசியம். கவனமா பாத்துக்கோ. கைப்பிடியை முதல்ல..."

சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் கைப்பிடியைப் பாதி தூக்கி, இடது தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். டக்.

நம்மவர் வாயைப் பிளந்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் சார். வாசல் செக்யூரிட்டிக்குக்கூடத் தெரியும்."

"அப்புறம் ஏன் தினமும் என்னைக் கூப்பிடறீங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "நீங்க டீயை வச்சிட்டு அவ்வளவு ஆசையா ஓடி வருவீங்க சார். அதான் யாரும் சொல்லல."

எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது நம்மவருக்கு. எதிரில் ஒளிவதற்கு அந்த வட்டத் துளைதான் இருந்தது.

சோதனை முற்பகலில் தெருவுக்கு எதிர்ப்பக்கத்துக் காப்பிக் கடையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டார். அதற்காக இவ்வளவு வேகமாகவா ஓட வேண்டும்? உள்ளே போனவர்கள் போன ஜோருக்குத் திரும்பி வந்தார்கள். அவருடைய ஆட்சியில் சாயங்காலம் வரைக்கும் நீளும் வரிசை மதியத்துக்கு முன்பே கரைந்துபோனது. வெளியே வந்த பெரியவர் ஒருவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, "இன்னிக்கு சீக்கிரம் முடிஞ்சிது. வழக்கமா ஒருத்தர் இருப்பாரு, எந்த ஊரு, என்ன ஆறுன்னு கதை கேட்டு உயிரை வாங்குவாரு" என்றார். நம்மவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

"ஆனா பேசிட்டு வந்தா மனசு கொஞ்சம் லேசா இருக்கும்," என்று பெரியவர் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். செய்தித்தாளுக்குப் பின்னால் நம்மவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

இரண்டாவது சான்றிதழ் அன்றே கைக்கு வந்தது. 'அன்னார் இன்றியும் இவ்வலுவலகம் எவ்விதக் குறைவுமின்றிச் செவ்வனே இயங்கும்.' இயங்கும் என்று சொன்னால் போதாதா, செவ்வனே வேறு வேண்டுமா என்று அவருக்கு ஆதங்கம். மனைவி அதை வாங்கிப் படித்தார். சிரிக்க ஆரம்பித்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். அப்புறம் எழுந்து மறுகோடிக் குவியலை அள்ளிக்கொண்டுவந்து தன் பெட்டியில் திணித்தார். மடிப்பெல்லாம் கலைந்தது. எதையும் மடிப்பு மாறாமல் வைக்கிற மனுஷி அவர்.

"இனிமே எந்த விதியா இருந்தாலும் என்கிட்ட அர்த்தம் கேட்டுட்டு ஆசைப்படுங்க" என்றார்.

கிளம்புகிற அன்று காலை, விமான நிலையத்துக்குப் போகிற வேன் தூதரக வாசலில் வந்து நின்றது. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாயிற்று. நம்மவர் மடியில் துணி காயப்போடும் ஸ்டாண்டோடு பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் சாவியைத் திருப்பினார். அப்போது உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல்.

"சார்! சிக்கிடுச்சு!"

நம்மவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "போங்க, கூப்பிடறாங்க" என்றார்.

ஸ்டாண்டை மகளிடம் தள்ளிவிட்டு நம்மவர் ஓடினார். வரிசையில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். செக்யூரிட்டி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடிப்படியில் விதியும் இறங்கி வந்து நின்றுகொண்டிருந்தார். நம்மவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். எல்லோரும் தள்ளி நின்றார்கள். கைப்பிடியைத் தொட்டார். அது லேசாக மேலும் கீழும் போய்வந்தது. எதுவும் சிக்கவே இல்லை.

அவர் முதுகால் மறைத்துக்கொண்டு, இடது தோளில், உள்ளங்கையால், பலமாக ஒரு தட்டுத் தட்டினார்.